படிவத்தில் இல்லாத நிரல்கள்

ஆண்டுதோறும் கல்வி அமைச்சின் பாடசாலைத் தொகைமதிப்புப் படிவம் வந்து சேர்ந்ததும், கணக்குப் படிப்பிக்கிறவனுக்கே கணக்கெடுப்பும் என்ற நியாயத்தில் அதிபர் அதை என்னுடைய மேசையில் வைத்துவிடுவார். இலங்கையின் வன்னியில், பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலிருந்து விலகி, வாய்க்கால் ஓரமாகக் கிரவல் பாதையில் உள்ளே போனால் வருகின்ற, தரம் 1 முதல் 11 வரை மட்டும் உள்ள வகை 2 பாடசாலை எங்களுடையது. படிவத்தை நிரப்புவது கடினமான வேலையன்று. தரவாரியாக ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயது என்ன, சமயம் என்ன, இனம் என்ன, ஆசிரியர் எத்தனை பேர், மலசலகூடம் எத்தனை, குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பவற்றை இடாப்பைப் பார்த்து எழுதிவிடலாம். எங்களுக்கு இனம் என்ற பகுதியில் ஒரு கட்டம் போதும், சமயத்துக்கு இரண்டு. அந்தத் தாளை மட்டும் பார்க்கின்ற ஒருவர், இங்கே படிக்கின்ற பிள்ளைகள் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் என்றே நினைப்பார்.

அதே மேசையில் இன்னொரு தாளும் கிடக்கும். அது தவணைப் பரீட்சைப் புள்ளிப் பட்டியல். நான் தரம் 8இன் வகுப்பாசிரியன். 24 பிள்ளைகளின் பெயர்கள் நிரையாகவும் பாடங்கள் நிரலாகவும் அமைந்த அந்தப் பட்டியலின் அடியில் 'வகுப்புச் சராசரி' என்று ஒரு கட்டம் உண்டு. கல்வி வலய மட்டக் கூட்டத்தில் மல்டிமீடியாத் திரையில் எங்கள் பாடசாலையாகத் தோன்றுவது அந்தக் கட்டத்துக்குள் இருக்கின்ற எண் மட்டுமே. ஆளைப் பற்றிய தாளும் புள்ளியைப் பற்றிய தாளும் ஒரே அலுமாரியில் அடுத்தடுத்த கோப்புகளில் இருந்தும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கும்படி எவரும் எங்களிடம் கேட்டதில்லை. இந்த ஆண்டு முதலாம் தவணை விடுமுறையில் நான் அதைச் செய்து பார்த்தேன்.

தரம் 6 முதல் 9 வரையான கனிஷ்ட இடைநிலைப் பிரிவே நம் பாடசாலைகளில் ஆகக் குறைவாகக் கவனிக்கப்படுகின்ற பகுதி என்பது என் எண்ணம். தரம் 5இல் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது; அதற்காகப் பெற்றோர் கூட்டம், மாதிரி வினாத்தாள், பின்னேர வகுப்பு எல்லாம் நடக்கும். தரம் 11இல் சாதாரண தரப் பரீட்சை இருக்கிறது. அதற்காக வலயமே திரண்டு வரும். இடைப்பட்ட ஆண்டுகளில் பொதுப் பரீட்சை எதுவும் இல்லை. விளங்கிய பிள்ளையும் விளங்காத பிள்ளையும் ஆண்டு முடிய ஒன்றாகவே அடுத்த வகுப்பறைக்கு வாங்கு மாறுவார்கள். ஓர் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்ப் பதிலுக்கு ஒருவர் வராவிட்டால், நேரசூசியில் முதலில் வெறுமையாவது தரம் 7உம் 8உம்தான், ஏனென்றால் அங்கே வெறுமை விழுந்தால் வெளியே எவருக்கும் தெரியாது. பின்னத்தைத் தரம் 6இல் தவறவிட்ட பிள்ளை தரம் 8இல் சமன்பாட்டில் தடுமாறி, தரம் 10இல் வட்டிக் கணக்கில் விழுந்து, தரம் 11இல் 35 புள்ளிக்குக் கீழே நின்றுவிடும். உயர்தர வகுப்பின் வழமையான பாடத்துறைகளுக்குப் போக ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றிலாவது திறமைச் சித்தியும் வேண்டும்; அந்த ஆறுக்குள் தாய்மொழியும் கணிதமும் கட்டாயம் அடங்க வேண்டும் என்பதால், கணிதத்தில் விழுந்தவர் மற்ற எட்டுப் பாடங்களில் சித்தியடைந்தாலும் கதவு சாத்தியே இருக்கும்.

தரவுகளைக் காட்டும் பாட அலகில் தண்டு – இலை வரைபு என்று ஒன்று வருகிறது. பத்துகளைத் தண்டாக ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒன்றுகளை இலைகளாக எதிரே நிரைப்படுத்துவது. பாடநூலில் உள்ள உதாரணத்தை விட்டுவிட்டு, அவர்களுடைய சொந்தக் கணிதப் புள்ளிகளையே பெயர் இல்லாமல் கரும்பலகையில் எழுதி வரையச் சொன்னேன். 7க்கும் 8க்கும் எதிரே இலைகள் வந்தன. 1க்கும் 2க்கும் எதிரே அதைவிட அடர்த்தியாக வந்தன. 4க்கும் 5க்கும் எதிரே வெறும் கோடு. பின்வாங்கில் இருக்கின்ற ஒரு பிள்ளை, "சேர், நடுத்தண்டில இலையே முளைக்கேல்லை" என்றாள். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு சராசரியைக் கண்டோம். 46 வந்தது. நாற்பதுகளில் ஒரு பிள்ளைகூட இல்லாத வகுப்பின் சராசரி 46.

மேற்கொத்தில் 10 பேர், கீழ்க்கொத்தில் 14 பேர். பெயர் இல்லாவிட்டாலும் எந்த இலை யாருடையது என்பது எனக்குத் தெரியும். விடுமுறையில் மாணவர் சேர்வு இடாப்பை எடுத்து, முகவரி நிரலில் விரலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தபோது நான் எதிர்பார்த்தது ஒன்று. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மேற்கொத்து, அந்தப் பக்கம் கீழ்க்கொத்து.

இந்த எதிர்பார்ப்புக்கு ஒரு வரலாறு உண்டு. இரணைமடுக் குளம் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டப்பட்ட பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டங்களின் கீழ் வந்த குடும்பங்களுக்கு நீர்ப்பாசன வயலும் மேட்டுக்காணியும் அனுமதிப்பத்திரத்தோடு கிடைத்தன. ஐம்பதுகளில் வட்டக்கச்சிப் பக்கமும் ஒரு குடியேற்றத் திட்டம் வந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் துரத்தப்பட்டு வன்னிக்கு வந்த குடும்பங்களோ காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களிற் பலருக்கு வாய்க்கால் நீர் எட்டாத மேட்டுநிலமே கிடைத்தது. அதற்கும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் நெடுங்காலம் இருந்தவர்கள் உண்டு. வயல் உள்ளவர்களிடம் கூலிக்குப் போனார்கள். இன்று மூன்றாவது தலைமுறை எங்கள் வாங்குகளில் இருக்கிறது. படிவத்தின் இன நிரலில் எல்லோரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள், அது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஆசிரியர் அறையில் 'அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்' என்ற சொல் இன்னும் இருக்கிறது. படிவத்தில் இல்லாத நிரல் பேச்சில் இருக்கிறது.

இடாப்பு என் எதிர்பார்ப்பைப் பாதிதான் ஏற்றுக்கொண்டது. மேற்கொத்தில் மூன்று பேர் வாய்க்காலுக்கு அப்பால் இருந்து வருகிறவர்கள். கீழ்க்கொத்தில் ஐந்து பேர் இந்தப் பக்கத்தவர்கள். அவர்களுள் ஒருவனுடைய தகப்பனுக்குச் சொந்தமாக உழவு இயந்திரமே இருக்கிறது. காணி மட்டும் காரணமென்றால் இந்த எட்டுப் பேரும் இடம்மாறி நிற்கக் காரணம் இல்லை. 24 பேரை வைத்துக்கொண்டு பெரிய முடிவுகள் எடுக்கக்கூடாது என்பதைக் கணித ஆசிரியன் அறிவான். ஆனாலும் அந்த எட்டுப் பேரின் வீடுகளும் எனக்குத் தெரிந்த வீடுகள். அவர்களை ஒன்றாக எண்ணிப் பார்த்தபோது, படிவத்திலும் இடாப்பிலும் இல்லாத வேறொரு நிரல் தேவைப்பட்டது. தாய் எத்தனையாம் வகுப்பு வரை படித்தார் என்ற நிரல்.

இன்று தரம் 8இல் இருக்கின்ற பிள்ளை 2012ஆம் ஆண்டளவில் பிறந்தது. யுத்தத்தை அது பார்க்கவில்லை. அதனால் எங்கள் கூட்டங்களில் 'யுத்தத்தால் பாதிக்கப்பட்ட மாணவர்' என்ற தொடர் மெல்ல மறைந்துவிட்டது, இனி அதைச் சொல்வது சாட்டு என்றும் சிலர் கருதுகிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளையின் தாய்க்கு 2008இன் இறுதியில் 15, 16 வயது. கிளிநொச்சி விழுந்தது 2009 ஜனவரி 2ஆம் திகதி. அதற்கு முன்னரே பாடசாலைகள் மரநிழல்களுக்கு இடம்பெயர்ந்து, பிறகு மரநிழலும் இல்லாமற் போயிருந்தன. கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து படிப்பை நிறுத்தி இளவயதிலேயே கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்பிள்ளைகள் உண்டு. மே மாதத்துக்குப் பிறகு ஏறத்தாழ 3 இலட்சம் பேர் முகாம்களுக்குள் இருந்தார்கள். செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். சாதாரண தரம் எழுதியிருக்க வேண்டிய வயதை ஒரு தலைமுறை அந்த வழியில் கடந்து வந்தது. அந்தத் தலைமுறைதான் இப்போது தேர்ச்சி அறிக்கையில் ஒப்பம் வைக்கிறது.

பெற்றோர் கூட்டத்துக்கு வந்த ஒரு தாய் தேர்ச்சி அறிக்கையைக் கையில் வாங்கி, கணிதப் புள்ளியைப் பாராமல் அறிக்கையின் விளிம்பையே விரலால் நீவிக்கொண்டு நின்றார். "சேர், நான் பத்தாம் ஆண்டு படிக்கேக்கதான் ஓடத் தொடங்கினனாங்கள். பிறகு முகாம், பிறகு கலியாணம். தமிழெண்டா நான் சொல்லிக் குடுப்பன். இந்த எழுத்துக்கணக்குக்கு நான் என்ன செய்ய?" என்றார். எழுத்துக்கணக்கு என்று அவர் சொன்னது அட்சரகணிதத்தை. அவருடைய மகள் கீழ்க்கொத்தில் இருக்கிறாள். தமிழில் வகுப்பிலேயே முதல் மூவருள் ஒருத்தி. வீட்டில் எது முறிந்ததோ அது பிள்ளையின் பாடத்தில் அதே இடத்தில் முறிந்திருந்தது. நான் எல்லாப் பிள்ளைகளிடமும் இவ்வளவு நேரான தொடர்பைக் கண்டேன் என்று சொல்லவில்லை, ஆனால் இந்த ஒன்றைக் கண்ட பிறகு 'வீட்டில் கவனிப்பதில்லை' என்ற வழக்கமான குறிப்பைத் தேர்ச்சி அறிக்கையில் எழுத எனக்குக் கை வரவில்லை.

இன்னொரு முறிவு அண்மையது. இந்தப் பிள்ளைகள் தரம் 3இல் இருந்தபோது, 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பாடசாலைகள் மூடப்பட்டன. தரம் 4இல் இருந்தபோது மூடலோடு ஆசிரியர் சம்பளப் போராட்டமும் சேர்ந்துகொண்டது. அதில் நானும் இருந்தேன், அதற்காக வருந்தவுமில்லை, ஆனால் அந்த மாதங்களின் விலையையும் பிள்ளைகளே கொடுத்தார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடி மூடினோம். எண்களின் அடிப்படை ஊன்ற வேண்டிய மூன்று ஆண்டுகளில் பல மாதங்கள் வாட்ஸ்அப் வழியாக நடந்தன. தொடுதிரைப் பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகள் சிக்னல் தேடிக் குளக்கட்டில் ஏறி நின்று படங்களைத் தரவிறக்கினார்கள். தகப்பனோடு தொலைபேசியும் கூலிக்குப் போய்விடுகின்ற வீட்டுப் பிள்ளைகள் இரவில் அவர் வந்த பிறகு பார்த்தார்கள், தரவு முடிந்திருந்தால் அதுவும் இல்லை. நடுத்தண்டு வெறுமையாகத் தொடங்கியது அங்கே என்பது என் ஊகம்.

தாய் வெளிநாட்டில் வீட்டுப்பணிக்குப் போயிருக்க அம்மம்மாவோடு இருக்கின்ற பிள்ளைகள், தகப்பன் இல்லாத வீடுகள், நுண்கடன் தவணை நாளில் ஆளில்லாத வீடுகள் என்று இன்னும் பல நிரல்கள் சேர்க்கலாம். அவை ஒவ்வொன்றும் தனியாக எழுத வேண்டியவை.

இதுவரை சொன்னது யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பது. எத்தனை பேரால் வகுக்கிறோம் என்பது அதைவிடச் சிக்கலானது. புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுக்கின்ற பிள்ளை தரம் 6க்கு நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் போய்விடும். அது பிள்ளையின் உரிமை. அந்தப் பிள்ளைக்குப் பின்னால், வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்ற இரண்டு மூன்று பிள்ளைகளையும், மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்க வசதியுள்ள பெற்றோர் எப்படியாவது சேர்த்துவிடுவார்கள். ஆறு ஆண்டுகள் கழித்துச் சாதாரண தரப் பெறுபேறு வரும்போது அந்தப் பிள்ளைகளின் ஒன்பது 'ஏ'க்களும் பெரிய பாடசாலையின் பதாகையில் ஏறும், எஞ்சியவர்களின் பெறுபேறு எங்கள் கற்பித்தலின் அளவாகத் திரையில் ஏறும். அதிலும் 10 பேர் தோற்றுகின்ற பாடசாலையில் ஒரு பிள்ளை என்பது 10 சதவீதம். கடந்த ஆண்டு 6 பேர் சித்தி, இந்த ஆண்டு 4 பேர் என்றால் அது 60 சதவீதத்திலிருந்து 40க்கு வீழ்ச்சியாம். காரணம் கேட்டுக் கடிதம் வரும். அந்த இருவரில் ஒருத்திக்குப் பரீட்சைக் காலத்தில் டெங்கு என்பது கடிதத்தில் அடங்காது.

வகுக்கும் எண்ணை மாற்றுகின்ற வித்தையை நானும் செய்திருக்கிறேன். முன்னர் படிப்பித்த ஒரு பாடசாலையில், முதலாம் தவணைப் பரீட்சையின்போது காலபோக அறுவடை இழுபட்டு, 20 பேர் கொண்ட என் வகுப்பில் 5 பேர் வரவில்லை. வந்த 15 பேரின் மொத்தம் 750. அதை 15ஆல் வகுத்தால் 50. 20ஆல் வகுத்தால் 37.5. வராதவர்களுக்கு நேரே சிவப்பு மையில் 'சமுகமின்மை' என்று எழுதிவிட்டு 15ஆல் வகுத்தேன். விதிமுறைப்படி அதில் பிழையும் இல்லை. வராத ஐவரும் வந்திருந்தால் பதினைந்துக்குக் கீழேதான் எடுத்திருப்பார்கள் என்பதும், அவர்கள் வராததே எனக்கு வசதியாயிற்று என்பதும் எனக்குத் தெரியும். அந்தத் தவணை என் வகுப்பு முன்னேற்றம் கண்டதாகப் பாராட்டப்பட்டது. நான் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

வராத ஐவரும் ஆண்பிள்ளைகள். இலங்கை முழுவதிலும் பெண்பிள்ளைகளே கூடுதலாகச் சித்தியடைகிறார்கள் என்றாலும், இங்கே அந்த இடைவெளிக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. தையிலும் மாசியிலும் மூட்டை ஏற்ற, பிறகு மணல் ஏற்ற, மேசனோடு கலவை குழைக்க என்று 14 வயதுப் பெடியனுக்கு எப்போதும் ஒரு நாட்கூலி காத்திருக்கிறது. கட்டாயக் கல்வி வயது 2016இலிருந்து 16 என்பது அவனுக்கும் தெரியும், கூட்டிப் போகிறவருக்கும் தெரியும். அவன் விடுகைப் பத்திரம் வாங்காமலே நின்றுவிடுவான். பெயர் இடாப்பில் இருக்கும். ஏனென்றால் கற்பித்தற் பொருள்களுக்கு அரசு தருகின்ற தர உள்ளீட்டுப் பணமும் ஆசிரியர் ஆளணியும் மாணவர் தொகையைப் பார்த்தே வருகின்றன. அவனை எண்ணினால் பாடசாலைக்குக் காசு, எண்ணாவிட்டால் பாடசாலைக்குச் சராசரி. ஒரே பிள்ளையை ஒரு தாளில் எண்ணி மற்றத் தாளில் எண்ணாமல் விடுகின்ற கலையை நாங்கள் எல்லோரும் கற்றிருக்கிறோம்.

இவ்வளவையும் எழுதுவதில் ஓர் ஆபத்து இருப்பதை நான் அறிவேன். பிள்ளைகளின் பின்னணியைச் சொல்லத் தொடங்கினால் அது விரைவில் எங்களுக்கான சாட்டாக மாறிவிடும். "வீடு சரியில்லை, நாங்கள் என்ன செய்வது" என்பது ஆசிரியர் அறையில் தேநீரோடு பரிமாறப்படுகின்ற வசனம். அதை நம்பிக்கொண்டிருந்த காலத்தில்தான் குடாநாட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து போகின்ற ஓர் ஆங்கில ஆசிரியை எங்களுக்குக் கிடைத்தார். அவர் வந்த தவணையே தரம் 7இல் கரும்பலகையைத் திருப்பி வைத்துவிட்டு, பேச்சுப் பயிற்சி என்று பிள்ளைகளை மாமரத்தடிக்கு அழைத்துப் போனார். பிழை விட்டவர்களைத் திருத்தாமல் பேசவிட்டார். ஆண்டு முடிவதற்குள் கீழ்க்கொத்துப் பிள்ளைகள் சிலர் ஆங்கிலத்தில் நாற்பதுகளுக்கு வந்தார்கள். நடுத்தண்டில் இலை முளைத்தது. அதே வீடு, அதே தாய், அதே கூலி, அதே வாய்க்கால். கஷ்டப் பிரதேச சேவைக்காலம் முடிந்து அவர் மாற்றலாகிப் போன பிறகு ஆங்கிலப் பாடவேளையில் சித்திரம் நடந்தது, இலைகள் திரும்ப உதிர்ந்தன. சுற்றாடல் மாறாமலே புள்ளி ஏறி இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தபடியால், பிள்ளைகளின் வீட்டைச் சொல்லும்போது எங்கள் நேரசூசியையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

பின்னணியை அரசு கணக்கில் எடுக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் தீவளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டங்களுக்கும், 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. அந்தச் சலுகை வாசலில் நிற்பவர்களுக்கானது. கீழ்க்கொத்துப் பிள்ளை வாசலுக்கு வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே, எந்தப் படிவத்திலும் பதியாமல், தரம் 8இன் பின்வாங்கில் இருந்து இறங்கிப் போய்விடுகிறது.

இந்தத் தவணைக்கான பட்டியலை கடந்த வெள்ளிக்கிழமை ஒப்படைத்தேன். மூன்று பேர் பரீட்சைக்கு வரவில்லை. இந்த முறை சராசரிக் கட்டத்துக்குள் 21 பேரால் வகுத்த எண்ணையும், அதன் பக்கத்தில் 24 பேரால் வகுத்த எண்ணையும் எழுதி, ஓரத்தில் தண்டு – இலை வரைபையும் சின்னதாகப் போட்டுக் கொடுத்தேன். உப அதிபர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "ரெண்டு எண் போட்டா கணினியில ஏத்த ஏலாது, மாஸ்டர். ஒண்டை வெட்டித் தாங்கோ" என்றார். எதை வெட்டுவது என்று கேட்டேன். அவர் சிறிது நேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கூடிய எண்ணைக் கணினிக்கு எடுத்துக்கொண்டு, தாளை வெட்டாமல் கோப்பில் போட்டார். அலுமாரியில் தொகைமதிப்புப் படிவத்தின் பிரதி இருக்கின்ற கோப்பு அதற்கு அடுத்ததாக இருக்கிறது.